கடைசியில் வரும் மஞ்சள் விளக்கு

அம்மா கடைசியாகச் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடந்தது மோட்டார் சைக்கிளில் அல்ல.

அது ஜனவரி மாதம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் தொழிற்சாலையில், உணவு இடைவேளையில், மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. மறுநாள் அவர் உடலை வேனில் கொண்டுவந்தோம். வேன் கார்களோடு சேர்ந்து ஊர்ந்தது. பக்கத்துத் தடத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஓயாமல் எங்களைத் தாண்டிக்கொண்டே இருந்தன. கார்த் தடத்தில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்தால் அம்மா ஹெல்மெட்டுக்குள் சிரிப்பார். அன்று அவரும் அந்தத் தடத்தில் இருந்தார்.

பெயர் டொரத்தி. காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். குடியிருந்தது பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜொகூரின் உலு திராமில். மின்னணுப் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே நோயில் போய்விட்டார். அதன்பின் கப்சாய் என்னும் சின்ன மோட்டார் வண்டியும் அம்மாவும்தான் வீட்டை இழுத்தார்கள். விடியும் முன் பாலம், வேலை, மறுபடி பாலம். எந்த மழைக்கும் அந்த வண்டி வீட்டில் நின்றதில்லை. நான் ஏஞ்சலா, ஒரே பிள்ளை. செனாயில் உணர்கருவிகளைச் சோதிக்கும் எஞ்சினியர்.

அம்மாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சம்பளம் இல்லாதது. அவர் எங்கள் கான்வாயின் வால்.

ஒவ்வொரு ஜூலையும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலிலிருந்து ஒரு கூட்டம் மோட்டார் சைக்கிளில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகும். ஜொகூரிலிருந்து பினாங்கு மாநிலம் வரை. நாட்டின் ஒரு முனையிலிருந்து கிட்டத்தட்ட மறுமுனை. முன்னால் தலைவர். கடைசியில் வால். வாலில் வருபவருக்கு மூன்று கடமைகள். எவரையும் தனக்குப் பின்னால் விடக்கூடாது. யார் நின்றாலும் கூட நிற்க வேண்டும். பின்னால் நடப்பதை முன்னால் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். வால் வண்டியின் முன்விளக்கில் மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும். மஞ்சள் ஒளி மழையை அதிகம் துளைக்கும் என்பது கதை. ஆனால் கண்ணாடியில் தெரியும் அத்தனை வெள்ளை விளக்குகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் தனியாகத் தெரியும், அவ்வளவுதான் பயன். ஓய்விடத்துக்கு வந்து சேர்ந்ததும் வால் இரண்டு முறை ஹார்ன் அடிக்கும். அதுவரை தலைவர் எஞ்சினை அணைக்க மாட்டார். வந்த வழியிலேயே திரும்பி ஓடத் தயாராக நிற்பார்.

அந்த மஞ்சள் தாள் பல வருடங்களாக அம்மாவின் விளக்கில் இருந்தது.

*

புதிய கருவி எதுவானாலும் அம்மாவுக்கு வேண்டும். கைத்தொலைபேசித் தாங்கி, வண்டியில் பொருத்தும் கேமரா, திருட்டு அலாரம், டயரில் காற்று இறங்கினால் கத்தும் மூடி. இணையத்தில் புதிதாக வருவதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது எனக்குக் காட்டுவார். வாங்கினால் உடனே நம்பவும் மாட்டார்.

"மெஷின எடுத்ததும் நம்பக்கூடாது. ஏமாத்திப் பாக்கணும். ஏமாறலன்னா அப்புறம் நம்பு."

ஏமாற்றுவதில் கெட்டிக்காரர். அலாரம் பூட்டிய அன்று சொந்த வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு தெருமுனை வரை திருடிப் பார்த்தார். டயர் மூடி வந்ததும் காற்றைத் துளித்துளியாகத் திறந்துவிட்டு, எப்போது கத்துகிறது என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். கைத்தொலைபேசித் தாங்கியில் என் பழைய தொலைபேசியை மாட்டி, செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் ஓட்டினார். தொலைபேசி விழுந்தது. தாங்கி மறுநாள் பக்கத்து வீட்டுக்குப் போனது, பூத்தொட்டி கட்ட.

என் தொழிலில் இதற்கு நீண்ட பெயர்கள் உண்டு. செய்வது இதைத்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவின் இடது காது போனது. காலையில் எழுந்தார், இல்லை. மருத்துவர் மருந்து கொடுத்துப் பார்த்தார். திரும்பவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்ட ஒரு காது போதும் என்றார்கள். வேலைக்கும் போதும். ஆனால் ஒரு காதுக்குச் சத்தம் கேட்கும், திசை கேட்காது. ஒலி இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் வந்துசேரும் வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை பக்கத்தைக் கணக்கிடுகிறது. ஒன்று போனால் கணக்கு இல்லை. லாரி வருகிறது என்று தெரியும். எந்தப் பக்கம் என்று தெரியாது.

அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம். மறு ஞாயிறே கோயில் வாசலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "இந்தப் பக்கம் நின்னு என்னைத் திட்டாதீங்க, வேஸ்ட்டு."

சிரித்தார்கள். அமலதாஸ் அங்கிள் சிரிக்கவில்லை. அவர்தான் கான்வாயின் தலைவர். ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.

*

அந்த ஆண்டே மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சிக்கந்தர் கடையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா, நான், அமலதாஸ் அங்கிள், லோகேஸ்வரன், அவன் மனைவி செல்வராணி. லோகேஸ்வரன் கிறிஸ்துவன் அல்ல. செல்வராணி அன்னம்மாளிடம் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். அதற்காக எங்களோடு வரத் தொடங்கியவர்கள். குழந்தை பிறந்து அது பாலர் பள்ளிக்குப் போகிறது. இவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

லோகேஸ்வரன் ஹெல்மெட்டில் மாட்டும் இன்டர்காமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஓட்டிக்கொண்டே எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசலாம். எல்லோரும் வாங்கிவிட்டால் ஹார்ன் மொழியே வேண்டாம்.

"எவனும் என் காதுக்குள்ள வந்து பேசக்கூடாது" என்றார் அமலதாஸ் அங்கிள். "பாவசங்கீர்த்தனம் கேக்கிற ஃபாதர் மாதிரி ஆயிடும் என் நெலம."

"உங்க பாவத்த நாங்க கேக்கிறோம் அங்கிள், சொல்லுங்க" என்றான் லோகேஸ்வரன்.

"உனக்கு ஆயுசு பத்தாது, போ."

தே தாரிக் வந்தது. அமலதாஸ் அங்கிள் குடிக்காமல் கோப்பையைச் சுற்றினார். பிறகு அம்மாவின் வலப்பக்கத்து நாற்காலிக்கு எழுந்து வந்து உட்கார்ந்தார். காது விஷயம்தான் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

"டொரத்தி, இந்த வருஷம் நீ நடுவுல வா."

அம்மா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "யாரு வாலு?"

"லோகேஸ்."

"அலமாக்" என்று பதறினாள் செல்வராணி. "இவரு போன் அடிச்சா ரோட்டையே மறந்துடுவாரு அங்கிள்."

அமலதாஸ் அங்கிள் அவளைப் பார்க்கவில்லை. "உன்னைக் கழிச்சுவிடல டொரத்தி. வாலுக்குப் பின்னால யாரும் இல்ல. உனக்கு எந்தப் பக்கம் லாரி வருதுன்னு தெரியல. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் ஏஞ்சலா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"நடுவுல வந்தா எனக்குப் பின்னால ஒருத்தர் என்னைப் பாத்துக்கிட்டே வருவாங்க அண்ணே."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்கு அது ஒத்து வராது. இத்தன வருஷம் நான் பாத்துக்கிட்டு வந்திருக்கேன். என்னை ஒருத்தர் பாத்துக்கிட்டு வர்ற மாதிரி ஆனா, நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பொருளின் அளவைச் சொல்வதுபோல் சொன்னார். அமலதாஸ் அங்கிளுக்கு அது புரிந்தது.

"ஜூன்ல ஒரு நாள் ஓட்டிப் பாப்போம்" என்றார் கடைசியில். "கோத்தா திங்கி, ஜெமாலுவாங், காஹாங், குளுவாங், சிம்பாங் ரெங்கம், வீடு. செம்பனை லாரி ஓடற ரோடு. நீ வாலு. பின்னால வர்றது ஒண்ணே ஒண்ணு உனக்குத் தெரியாமப் போனாலும், மஞ்சத் தாள நீயே பிரிச்சு லோகேஸ்கிட்ட குடுத்துடணும்."

"சரி."

"வீம்புக்குச் சரின்னு சொல்லாத."

"அண்ணே, நீங்க அந்தக் காதுக்குள்ள பேசற மெஷின மாட்டிக்கிங்க. நானும் ஒரு மெஷின் மாட்டிக்கிறேன். சரிதானே?"

லோகேஸ்வரன் மேசையைத் தட்டினான். அமலதாஸ் அங்கிள் அன்று இரண்டு பேரிடம் தோற்றார்.

*

அம்மா மனத்தில் வைத்திருந்தது பின்புற ராடார். எண் தகட்டுக்குக் கீழே பொருத்துவது. பின்னால் ஒரு வண்டி வேகமாக நெருங்கினால், அது வரும் பக்கத்துக் கண்ணாடியில் சின்ன விளக்கு எரியும். நல்ல கருவி. எங்கள் சோதனைக்கூடத்தில் அதைத் திறந்து பார்த்தேன். ஏமாற்று வேலை எதுவும் இல்லை.

அம்மா ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"விளக்கு வேணாம். மழையில கண்ணாடியே தெரியாது, அதுல விளக்கு எங்க தெரியும்? தட்டச் சொல்லு."

"தட்டவா?"

"யாராவது முதுகத் தட்டினா திரும்பிப் பாப்போம்ல? அந்த மாதிரி."

பழைய வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்றிலிருந்து இரண்டு அதிர்வு மோட்டார்களைக் கழற்றினேன். முதலில் கைப்பிடிக்குள் வைத்தேன். சரிவரவில்லை. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் கைப்பிடியை ஏற்கெனவே நடுங்க வைக்கிறது. என் அதிர்வு அதில் கரைந்துவிட்டது.

"என் வண்டி நடுக்கம் எது, ஒன் மெஷின் நடுக்கம் எதுன்னு தெரியலடி. உடம்புல வையி."

சட்டையில் வைத்தோம். ஜொகூரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் சட்டையை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். முன்பக்கத்தைப் பின்னால் திருப்பி, கைகளை நுழைத்து, ஜிப் போடாமல் முதுகில் திறந்து விட்டுக்கொள்வோம். காற்று நெஞ்சில் அடிக்காது. சோதனைச் சாவடியில் ஒரே இழுப்பில் கழற்றலாம். அம்மா வாழ்நாளில் மழைச் சட்டையை வேறு மாதிரி போட்டு நான் பார்த்ததில்லை. ஆகவே அந்தச் சட்டையைத் திருப்பிப் போட்டால் அவருடைய இடது தோளில் எது விழுமோ அதில் இடப்பக்க மோட்டாரையும், வலது தோளில் மற்றதையும் தைத்தேன். பையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. ராடார் வண்டியிலிருந்து கம்பியில்லாமல் அதற்குச் சொல்லும், அது தோளைத் தட்டும்.

பாலத்தில் அது விடாமல் தட்டியது. சுற்றிலும் வண்டிகள்.

"ஒன் மெஷினுக்குப் பயம் வந்துடுச்சு" என்றார் அம்மா. பல வண்டிகள் ஒரே நேரத்தில் சூழ்ந்தால் வாயை மூடிக்கொள்ளும்படி மாற்றினேன்.

பிறகு ஏமாற்றும் படலம். நான் காரில் பின்தொடர வேண்டும். வேகமாக வா, மெதுவாக வா, பேருந்துக்குப் பின்னால் ஒளிந்து வா, விளக்கை அணைத்துவிட்டு வா. பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் ஒரு சனிக்கிழமை முழுவதும் என் தாயைத் துரத்தினேன். ஒவ்வொரு முறையும், எந்தப் பக்கம் வந்தேனோ அந்தப் பக்கத்துக் கையை உயர்த்திக் காட்டினார். ஒரு தடவையும் தவறவில்லை. கடைசியில் சாலையோரம் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, முடி ஒட்டிய நெற்றியோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நம்பலாம்."

என் வேலைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைத்ததில்லை.

*

சோதனை ஓட்டத்து நாள் காலையில் கோயில் வாசலில் கூடினோம். ஃபாதர் வண்டிகளுக்கு ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தார். கோயில் வாசலில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்கக்கூடாது என்பது அமலதாஸ் அங்கிளின் சட்டம். எல்லோரும் ஒழுங்காக, ஜிப் முன்னால் வரும்படி போட்டுக்கொண்டு நின்றோம். ஜெபம் முடிந்தது. வானம் கறுத்திருந்தது. கிளம்பினோம்.

நான் என் வண்டியில், வாலுக்கு நேர் முன்னால். கண்ணாடியில் மஞ்சள் விளக்கு.

அமலதாஸ் அங்கிளுக்கு இன்டர்காம் பழகுவதற்குக் கோத்தா திங்கி வரை ஆனது. முதலில் கத்தினார். பிறகு, தான் தனக்குள் பாடுவது எல்லோருக்கும் கேட்கிறது என்று தெரிந்ததும் பாட்டை நிறுத்தினார். அம்மாவின் ஹெல்மெட்டில் இரண்டு ஒலிப்பெருக்கிகளையும் வலப்பக்கமே வைத்திருந்தேன். எல்லாம் தெளிவாகக் கேட்டது.

ஜெமாலுவாங்கைத் தாண்டி உள்ளே திரும்பியதும் இருபுறமும் செம்பனை. யானை கடக்கும் என்ற பலகைகள். அம்மாவின் குரல் வந்தது.

"லோகேஸ், ஒன் பின் டயரு உக்காருது."

"இல்லக்கா, சரியாத்தான் ஓடுது."

"டயர் மெஷின் மாட்டியிருக்கல்ல? அது ஒண்ணும் சொல்லலயா?"

"அது நேத்துலேருந்து கத்துதுக்கா. பொய்யாக் கத்துதுன்னு சத்தத்த அணைச்சுட்டேன்."

"நான் கத்தினாலும் அதேதான் செய்வாரு" என்றது செல்வராணியின் குரல். பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கும் ஒரு இன்டர்காம் வாங்கிக் கொடுத்திருந்தான், பாவம்.

நிறுத்தினோம். டயரில் சின்ன ஆணி. அம்மாவின் பெட்டியிலிருந்து ஓட்டை அடைக்கும் பசைத்திரி, பம்பு. மறுபடி கிளம்பும்போது அமலதாஸ் அங்கிள் இன்டர்காமில் மெல்லச் சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. தாள் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

காஹாங்குக்கு முன் மழை பிடித்தது. சாதாரண மழை அல்ல. சாலை வெள்ளையாகிவிட்டது. ஒதுங்கப் பாலம் எதுவும் இல்லாத இடம். வேகத்தைக் குறைத்து ஊர்ந்தோம். ஹெல்மெட்டில் மழை அடிக்கும் சத்தத்தில் இரண்டு காது உள்ள எனக்கே எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியில் மஞ்சள் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அந்த மஞ்சள் வலப்பக்கம் நகர்ந்தது.

மெதுவாக, சாலையின் நடுக்கோட்டை நோக்கி. எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நொடி சட்டென்று இடப்பக்கம் திரும்பி, பழைய கோட்டுக்கே வந்து நின்றது. அதை ஒட்டி, வலப்பக்கமாக, இரண்டு பெரிய விளக்குகள் எழுந்தன. செம்பனைக் குலைகள் ஏற்றிய லாரி. எங்களைத் தாண்டிப் போனது. அது வாரியிறைத்த தண்ணீரில் என் வண்டி ஆடியது.

முன்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை ஒரு லாரி தாண்டிப் போனது, அவ்வளவுதான். மஞ்சள் விளக்கு அதன் இடத்தில் வந்துகொண்டிருந்தது. நான் பார்த்தேன். ஆனால் நான் சொல்லப்போவதில்லை.

அம்மாவின் குரல் வந்தது.

"அமலதாஸ் அண்ணே. நான் நிக்கணும்."

"என்ன ஆச்சு?"

"லாரி வலப்பக்கம் வந்துச்சு. நான் இடப்பக்கம்னு நெனச்சு வலப்பக்கம் ஒதுங்கிட்டேன். தலையத் திருப்பிப் பாத்ததால தப்பிச்சேன். சட்டைய நேரா போட்டிருக்கேன் அண்ணே. திருப்பிப் போடணும்."

"என்னது?" என்றான் லோகேஸ்வரன்.

எனக்குப் புரிந்தது. கோயில் வாசலில் ஒழுங்காகப் போட்ட சட்டையை அம்மா பிறகு திருப்பிப் போடவில்லை. சட்டை திரும்பினால் தோள்கள் மாறும். இடப்பக்க மோட்டார் வலத்தோளில், வலப்பக்க மோட்டார் இடத்தோளில். கருவி சரியாகத்தான் தட்டியது. எதிர்த் தோளில் தட்டியது. அத்தனை விதமாக ஏமாற்றிப் பார்த்த அம்மா, சட்டையை மட்டும் நேராகப் போட்டுப் பார்க்கவில்லை. நானும்தான். பாலத்தில் ஓட்டுகிற எவருக்கும் அது தோன்றியிருக்காது.

சாலையோரம் நின்றோம். அந்த மழையில், என் அம்மா சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார்.

"வால் ரெடி" என்றார்.

*

சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கடையில் நனைந்த கோழிகள்போல் உட்கார்ந்தோம். அம்மா உட்காரவில்லை. கார்ச் சாவியின் முனையால் தம் விளக்கின் மஞ்சள் தாளை ஓரத்தில் நெம்பிக்கொண்டிருந்தார். என் சாவிக்கொத்தில் கிடந்ததைக் கேட்டு வாங்கியிருந்தார்.

"அக்கா, அது மெஷின் தப்பு" என்றான் லோகேஸ்வரன்.

"மெஷின் கரெக்ட்டு. போட்டது நான்."

"அப்ப சட்டைத் தப்பு லா."

"சட்டைக்கு லைசன்ஸ் இல்ல லோகேஸ்." தாளின் ஒரு மூலை எழும்பியது. "அண்ணே சொன்னாரு. நான் சரின்னேன்."

அமலதாஸ் அங்கிள் எழுந்து போனார். ஈர ஹெல்மெட் இன்னும் கையில் இருந்தது. விளக்குக்கு முன்னால் குனிந்தார்.

"டொரத்தி. நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"லோகேஸுக்கு?"

"அவனுக்கு அவன் டயரே தெரியல."

"முன்னால போறவன் நான். எனக்கு முதுகுல கண்ணு இல்ல. பின்னால என்ன நடந்துச்சுன்னு நீ சொல்றதுதான் எனக்கு." நிறுத்தினார். அவருக்கு நீளமாகப் பேச வராது. "தன் தப்பையும் சேத்துச் சொல்ற ஆள்தான் எனக்குப் பின்னால வேணும்."

எழும்பிய மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஈரத்தில் ஒட்டவில்லை. மறுபடி அழுத்தினார்.

"ஒட்டும். காஞ்சதும் ஒட்டும். ஆனா சட்டைய ஒரு வழியா போடு. முன்னயா பின்னயான்னு முடிவு பண்ணு."

"ரெண்டு விதமாவும் போடுவேன் அண்ணே. அதுக்கு ஏத்த மாதிரி மெஷின் வரும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சட்டை எப்படி இருக்கிறது என்று சொல்ல ஒரு சுவிட்ச் வைக்கலாம் என்றேன், வீட்டுக்கு வந்ததும். அம்மா தலையாட்டினார், இல்லை என்று.

"சட்டையை மறந்தவ சுவிட்சையும் மறப்பா. தோளப் பாத்துப் பக்கம் சொல்லாத. ஹார்ன்ல எப்படிச் சொல்றோம்? ஒண்ணு, ரெண்டு. அப்படியே தட்டு. ஒரு தட்டு இடப்பக்கம். ரெண்டு தட்டு வலப்பக்கம். எந்தத் தோளா இருந்தா என்ன?"

அரை மணி நேர வேலை. இரண்டு மோட்டார்களும் ஒன்றாகத் தட்டும். எண்ணிக்கைதான் பக்கம். சட்டையை உள்புறம் வெளிப்புறமாகப் போட்டாலும் தவறாது. அம்மா அப்படியும் போட்டுப் பார்த்தார்.

அந்த ஜூலை நாங்கள் புக்கிட் மெர்தாஜாம் போய் வந்தோம். வாலில் அம்மா. ஒவ்வொரு ஓய்விடத்திலும் இரண்டு ஹார்ன். அன்னம்மாள் கோயில் படியில் மெழுகுவத்தி ஏற்றும்போது அமலதாஸ் அங்கிளிடம், காதுக்குள் பேசும் மெஷினை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். "இருக்கட்டும்" என்றார் அவர். "வீட்டுல பேச ஆள் இல்ல."

அதுதான் கான்வாயில் அம்மாவின் கடைசிப் பயணம். அப்போது யாருக்கும் தெரியாது.

*

அடக்கத்தன்று காலை எங்கள் தெரு முழுக்க மோட்டார் சைக்கிள்கள். சவ வேன் ஓட்டுநர் ஒரு வயதான சீனர். வேன் முன்னால் போகும், மற்றவர்கள் பின்னால் வருவார்கள், எங்கும் அப்படித்தான். அமலதாஸ் அங்கிள் அவரிடம் போய் மலாயில் பேசினார்.

"பொஸ், வேன் பெலாகாங். நாங்க முன்னால, நீங்க கடைசி."

ஓட்டுநர் கையை விரித்தார். "மானா போலே, எப்படி முடியும்? வேன்தான் எப்பவும் டெப்பான், முன்னால."

"இவங்க எப்பவும் கடைசி" என்றார் அமலதாஸ் அங்கிள்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்தார். அம்மாவின் விளக்கிலிருந்து அவரே பிரித்தது. வேனின் முன்விளக்கு ஒன்றில் ஒட்டினார். சற்றுக் கோணலாக ஒட்டியது. லோகேஸ்வரன் சரிசெய்யப் போனான். செல்வராணி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஓட்டுநர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஒருமுறை அசைத்தார். போய்ச் சேர்ந்ததும் ஹார்னை எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நான் அம்மாவின் வண்டியில் போனேன். அம்மாவின் சட்டை, திருப்பிப் போட்டு. வேனுக்கு நேர் முன்னால்.

வழி நெடுக அது தட்டவில்லை. பழுது அல்ல. அதே வேகத்தில் பின்தொடரும் வண்டியை ராடார் பொருட்படுத்தாது. நெருங்கினால்தான் தட்டும். கண்ணாடியில் மஞ்சள் ஒரே தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அந்த வேனை ஓட்டியவர் நல்ல ஓட்டுநர்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் முன்னால் போனவர்கள் வரிசையாக நின்றார்கள். அமலதாஸ் அங்கிள் வண்டியில் உட்கார்ந்தபடி, கால்களை ஊன்றி, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வலப்பக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறைத்தேன். வாசல் இடப்பக்கம். வேன் உள்ளே திரும்புவதற்காக எனக்கு இடப்புறமாக நெருங்கியது.

தோளில் ஒரு தட்டு.

திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு என்னைக் கடந்து வாசலுக்குள் நுழைந்தது. நின்றது. இரண்டு முறை ஹார்ன் அடித்தது.

அமலதாஸ் அங்கிள் எஞ்சினை அணைத்தார்.